அமலியின் கரும்பும் நான் எடுத்த கரணையும்

செல்லத் தங்கச்சி அமலிக்கு,

நீ போன பிறகு இது இரண்டாவது கரும்பு வெட்டு. கல்வராயன் மலையில் இந்த வருஷம் நல்ல மழை. நம் கிணறு முக்கால்வாசி நிறைந்து நிற்கிறது. உன் அண்ணி போன வாரம் உன் கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டு வந்தாள். உன்னிடம் சொல்ல ஒரு பெரிய சந்தோஷமும் ஒரு பெரிய தப்பும் இருக்கின்றன. சந்தோஷத்தை முதலில் சொல்கிறேன், அப்போதுதான் கொஞ்சம் கம்மியாகத் திட்டுவாய்.

உன் கரும்பு ஜெயித்துவிட்டது, அமலி.

நம் வயலில் செவ்வழுகல் நோய் வந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய். தோகை மஞ்சளாகிக் காய்ந்ததைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று நான் ராப்பகலாக மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்தேன். லீவில் வந்த நீ ஒரு கரும்பை நெட்டுக்குப் பிளந்து மூக்கருகில் கொண்டுவந்தாய். உள்ளே ரத்தச் சிவப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டு.

“ண்ணா, சாராய வாட அடிக்குது பாரு. இது பூஞ்சாணம். தண்ணி வுட வுட ஜாஸ்திதான் ஆவும்.”

அதற்கப்புறமும் எனக்குப் புத்தி வரவில்லை. காய்ந்ததைக் கொளுத்திவிட்டு, பச்சையாக நின்றதைப் பொறுக்கி, அதிலேயே அடுத்த நடவுக்கு விதைக் கரணைத் துண்டுகள் வெட்டினேன். நோய் அதற்குள்ளேயே குடியிருந்தது. முளைத்ததில் பாதி செத்துப்போனது.

“பச்சயா கீதுன்னா நோவு இல்லன்னு யாரு சொன்னா உனுக்கு?” என்று கத்திவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசாமலிருந்தாய். அந்தக் கோபம்தான் உன்னை ஆராய்ச்சிக்கூடம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று நான் நம்புகிறேன். சரிதானா?

கரும்புக் குருத்துக்குள் புது மரபணுவைச் செலுத்த, அதைத் தங்கத்தூளில் தடவித் துப்பாக்கியால் சுடுவோம் என்று நீ போனில் சொன்னபோது, ஒரு சவரனுக்கு ஆகிற மாதிரி மிச்சம் பிடித்து அனுப்பு என்றேன். நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பூஞ்சாணத்தின் உடம்புச் சுவரைக் கரைக்கிற நொதியைக் கரும்பே செய்துகொள்ளும் என்றாய். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் பத்தாவதில் கணக்கில் பெயிலான அண்ணனுக்கு அலுக்காமல் நாலு தடவை விளக்கினாயே, அதற்கே உன்னைக் கும்பிடலாம்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. ஒன்பதே நாள். கடைசியாக உனக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது, “செடிங்கள தேனு பாத்துக்கும்” என்றாய். தேன்மொழி பார்த்துக்கொண்டாள், அமலி. உன்னோடு வேலை செய்த அந்தப் பெண், உன் செடி ஒன்றைக்கூடச் சாகவிடவில்லை.

போன மாதம் அவளே கூப்பிட்டாள். “ண்ணா, நாளைக்குப் பொளந்து பாக்கப் போறோம். அமலி இருந்தா அது பாத்திருக்கும். நீங்க வாங்க.” நான் போனேன். கண்ணாடிக் கூடத்துக்குள் எனக்கும் ஒரு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பே தண்டில் துளை போட்டு, பூஞ்சாணத்தை வைத்துக் களிமண்ணால் அடைத்திருந்தார்கள். முதலில் சாதாரணக் கரும்பைப் பிளந்தாள். நம் வயலில் பார்த்த அதே சிவப்பு, அடி முதல் நுனி வரை. அடுத்து உன் கரும்பு. துளையைச் சுற்றி ஒரு கட்டைவிரல் அகலத்துக்குச் சிவந்து, அங்கேயே நோய் நின்றுபோயிருந்தது. மற்றதெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. தேன்மொழி அழுதாள். நானும் அழுதேன், சொல்வதற்கென்ன.

இனி தப்பு. அடுத்த நடவுக்காக உன் கரும்பிலிருந்து வெட்டிய, ஆளுக்கொரு முளைப்பரு உள்ள கரணைகள் தட்டில் இருந்தன. நல்ல கரும்பைக் கண்டால் ஒரு கரணை எடுத்துவருவது நம் பக்கத்து விவசாயிகளின் கைப்பழக்கம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் பையில் ஒன்றோடுதான் திரும்புவோம். அவள் முகம் கழுவப் போன நேரத்தில், ஒன்றை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். தங்கச்சி செய்தது தங்கச்சி வயலில் முளைக்கட்டுமே என்றுதான் நினைத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது போன் வந்தது.

“ண்ணா, தட்டுல ஒண்ணு கொறையுது. யாராச்சும் எடுத்ததப் பாத்தீங்களா? எழுதி வச்ச கணக்குல ஒண்ணு வெளிய போனாலும் எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிடுவாங்க. அமலி பண்ணது அத்தனயும் பூடும்.”

டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். முன்பு ஒருமுறை உன்னிடமே கரணை கேட்டேனே, நீ என்ன சொன்னாய்? “தின்னா உடம்புக்கு இன்னா ஆவும், மண்ணுக்கு இன்னா ஆவும்னு இன்னும் பாக்கணும்ண்ணா. வெளிய வுட்டுட்டா திரும்பக் கூப்ட முடியாது.” எல்லாம் தெரிந்துதான் எடுத்தேன். “எடுத்தவன் நான்தான்மா” என்று சொல்லி, கரணையோடு திரும்ப ஆட்டோ பிடித்தேன்.

தேன்மொழி திட்டவில்லை. நடந்ததை நடந்தபடி நோட்டில் எழுதினாள், நான் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி வந்து என் வேட்டியைக்கூட உதறிப் பார்த்தார். கரணை திரும்பி வந்துவிட்டதால் மற்ற செடிகளுக்கு ஆபத்தில்லை என்றார். ஆனால் வாசலைத் தாண்டிப் போய்வந்த கரணையை இனி நடக்கூடாதாம், எரிக்க வேண்டுமாம். நானே போடுகிறேன் என்று கேட்டு வாங்கினேன். அதன் பரு பச்சையாக, உப்பலாக இருந்தது. உன்னைக் குழியில் இறக்கியபோது முதல் பிடி மண் போட்டதும் இந்தக் கைதான். அதே கையால்தான் இதையும் நெருப்பில் போட்டேன், அமலி.

உன் பாகத்து அரை ஏக்கரைத் தனியாக வைத்திருக்கிறேன். எல்லாச் சோதனையும் முடிந்து, அரசாங்கம் சரி என்று சொன்னால், தேன்மொழி கையால் கொடுக்கிற கரணையைத்தான் அதில் நடுவேன். வருஷம் எத்தனை ஆனாலும் காத்திருப்பேன். ஒருவேளை வேண்டாம் என்று சொன்னால், அதையும் கேட்டுக்கொள்வேன். இது சத்தியம்.

உன் மேல் மலையளவு பெருமையும், உனக்குப் பயப்படுகிற கொஞ்சம் புத்தியும் உள்ள
உன் அண்ணன்
சவரிமுத்து