மணி அடித்தால் எரியும் விளக்கு

என் அருமை வள்ளி அண்ணி,

எங்கே இருந்தாலும் முதலில் உட்காருங்கள். அடுப்பில் ஒரு கண், என் மேல் ஒரு கண் என்று நின்றுகொண்டே கதை கேட்பது உங்கள் வழக்கம். இன்று அது வேண்டாம். சொல்வதற்கு நிறைய இருக்கிறது. பாதியில், "சரி, விஷயத்துக்கு வா ராஜி" என்று வெட்டவும் கூடாது.

விஷயம் இதுதான். நான் ஓர் அழைப்புமணி செய்திருக்கிறேன். வாங்கவில்லை அண்ணி, செய்திருக்கிறேன். என் கையால் ஈயம் உருக்கி, கம்பி ஒட்டி, பெட்டிக்குள் அடைத்து, உங்கள் மார்சிலிங் வீட்டு வாசலில் மாட்டியும் ஆயிற்று. மிக்ஸி ஓடவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற அதே ராஜிதான். சிரிக்காதீர்கள். சரி, சிரித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் நீங்கள் இழுத்துவிட்ட வேலை. தேக்கா சந்தையில் மீன் வாங்கிவிட்டு வரும்போது, சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மாடியில் 'மேக்கர்ஸ்பேஸ்' என்று பலகை தொங்குவதைப் பார்த்து, மீன் பையோடு மேலே ஏறினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அக்கம்பக்கத்தார் யார் வேண்டுமானாலும் வந்து, அங்கிருக்கும் கருவிகளைக் கொண்டு எதையாவது செய்து பார்க்கிற இடம் என்றார்கள். ஒன்றுமே தெரியாதவர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு உண்டு என்றார்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு மாடி ஏறி வருவதற்குள் நம் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் கைப்பேசி எந்நேரமும் தலையணைக்கு அடியில் கிடக்கும் என்பதால், இரண்டு பெயருக்கும் என் எண்தான்.

அந்த வகுப்பு தொடங்குவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அண்ணனுக்குக் காலைக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் படுத்துக்கறேன்" என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை, அண்ணி. இந்தப் பத்தியோடு விட்டுவிடுகிறேன்.

பிறகு ஒரு நாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது. 'வள்ளியம்மை, இந்தச் சனிக்கிழமை உங்கள் வகுப்பு தொடங்குகிறது. மறக்காமல் ஷூ அணிந்து வாருங்கள்.' உங்களை யாரோ ஷூ போட்டுக்கொண்டு வரச் சொல்கிறார்கள்! பஸ்ஸிலேயே அழுதேன். நேரில் போய்ப் பெயரை எடுத்துவிடச் சொல்லலாம் என்றுதான் அந்தச் சனிக்கிழமை கிளம்பினேன்.

போனால், மேசைமேல் வரிசையாகப் பெயர் அட்டைகள். எந்த நாற்காலி என்று பார்க்காமல் உட்கார்ந்துவிட்டேன். பாடம் நடத்தும் மெய் லிங் என்கிற பெண் வந்தாள். எதிரில் இருந்த அட்டையை எடுத்து என் சட்டையில் ஒட்டி, "வெல்கம், ஆன்ட்டி வள்ளி!" என்றாள். நான் திருத்தியிருக்க வேண்டும். அன்று முழுக்க நான் நீங்களாகவே இருந்தேன். எதையாவது சொதப்பினால் அது உங்கள் பேரில் போகட்டும் என்ற அற்ப சந்தோஷமும் இருந்தது.

அன்று செய்தது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஒரு பித்தான், ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, ஒரு சிவப்பு விளக்கு. பித்தானை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும். என்னுடையது எரியவில்லை. கம்பியை மாற்றிப் போட்டேன், எரியவில்லை. மெய் லிங் உதவிக்கு வந்தபோது, "இரும்மா, நானே பாக்கறேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்கு எப்படியோ புரிந்தது. மூன்றாவது முறை விளக்கு எரிந்தது. அண்ணி, நான் எழுந்து நின்று கை தட்டினேன். பக்கத்தில் பூனைக்குத் தானாகச் சாப்பாடு போடும் பெட்டி செய்ய வந்திருந்த ரொஹானியும் சேர்ந்து தட்டினாள். நீங்கள் போன பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

வீட்டுக்குத் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

அண்ணனுக்குக் காது எவ்வளவு மந்தம் என்று நீங்கள் இருந்தவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நீங்கள்தான் அவருக்குக் காது. வாசலில் மணி அடித்தால் அவர் தோளைத் தொட்டு, "யாரோ வந்திருக்காங்க" என்பீர்கள். அதைப் பார்த்து அவருக்குக் கேட்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். காதுக்கருவி வாங்கிக் கொடுத்தோம். இரைகிறதாம். விருந்தாளிகளுக்கான பீங்கான் கோப்பைகளோடு கண்ணாடி அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

ஒரு முறை உங்கள் மகன் கதிர் வந்து மணி அடித்து, கேட்டைத் தட்டி, போன் போட்டு, கத்திப் பார்த்தும் பதிலே இல்லை. பிள்ளை பயந்துபோய்ப் பூட்டு அறுக்கிறவரைக் கூட்டிவந்துவிட்டான். பாதி அறுத்த பிறகு உங்கள் வீட்டுக்காரர் கையில் டீக் கோப்பையோடு அடுப்படியிலிருந்து வந்து, "எவன்டா என் கேட்டை அறுக்கறது?" என்றார். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று கதிர் அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதான்.

"அப்பா, இதுக்கு மேல என்னால முடியாது. பொங்கோல்ல எங்க வீட்டுக்கே வந்துடுங்க. இந்த வீட்ட வாடகைக்கு விட்டுடலாம்" என்றான். மகனாக அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் அண்ணன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாதாடவில்லை. சோபாவில் நீங்கள் உட்காரும் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "தீபாவளி வரைக்கும் டைம் குடு கதிர். வாசல்ல யார் வந்தாலும் உங்கப்பாவுக்குத் தெரியற மாதிரி நான் செஞ்சு காட்டறேன்" என்றேன்.

"அத்தை, நீங்களா?" என்றான். அந்த 'நீங்களா' இருக்கிறதே, அதற்காகவே செய்தேன்.

கடையில் கிடைக்காதா என்று கேட்பீர்கள். கதிர் ஒன்று வாங்கி மாட்டினான். அழுத்தினால் போலீஸ் வண்டி மாதிரி நீல வெளிச்சம் பளிச் பளிச்சென்று வெட்டும், கூடவே ஒரு பாட்டு அலறும். மாடியில் இருந்த எல்லாரும் வெளியே வந்தார்கள், அண்ணனைத் தவிர. மறுநாளே அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். அவருக்கு வேண்டியது வேறு. டிவிக்குப் பக்கத்தில் உங்கள் மஞ்சள் மேசைவிளக்கு இருக்கிறதே, அதன் கீழே உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பீர்கள். நீங்கள் போன பிறகு அதை யாரும் போடவில்லை. வாசலில் பித்தானை அழுத்தினால் அந்த விளக்கு எரிய வேண்டும் என்று மெய் லிங்கிடம் சொன்னேன். "கேன் லா, ஆன்ட்டி!" என்றாள், முடியுமாம். வீட்டுக் கரண்டில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, பேட்டரியில் எரியும் சின்ன விளக்குகளை அதே மஞ்சள் கூட்டுக்குள் பொருத்தக் கற்றுக்கொடுத்தாள். விரலைச் சுட்டுக்கொண்டேன். கம்பிக்குப் பதில் என் புடவைத் தலைப்பைப் பற்றவைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து சுடிதார்தான்.

இதற்கிடையில் ஆயுத பூஜை வந்தது. உங்கள் வீட்டில் இந்த வருடம் பண்டிகை இல்லை. ஆனால் கருவிகள் இருக்கிற இடத்தில் கும்பிடாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. சுண்டலும் பொரியும் எடுத்துக்கொண்டு போய், மெய் லிங்கிடம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். துளை போடும் இயந்திரத்துக்கு, ஈயம் உருக்கும் கோலுக்கு, த்ரீ-டி பிரிண்டருக்கு, கடைசியாக என் போர்டுக்கு. வைத்து விரலை எடுக்கவில்லை, விளக்கு தானாக எரிகிறது, அணைகிறது, எரிகிறது! எனக்குப் புல்லரித்துவிட்டது. சாமி வந்துவிட்டது என்றே நினைத்தேன். மெய் லிங் ஓடிவந்து பஞ்சால் துடைத்தாள். ஈரச் சந்தனம் இரண்டு கம்பிகளையும் சேர்த்துவிட்டதாம், யாரோ பித்தானை அழுத்துவதாக போர்டு நினைத்துக்கொண்டதாம். பொட்டைப் பெட்டிக்கு மேலே வையுங்கள் ஆன்ட்டி, உள்ளே வேண்டாம் என்றாள். ரொஹானிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

இந்தக் கதையை அண்ணனிடம் போய்க் கத்திக் கத்திச் சொன்னேன். "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டினார். அவர் ஆமாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கா தெரியாது?

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. கதிர் சாயங்காலம் வந்து சோதித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. நான் மத்தியானமே போய்ப் பித்தானைக் கேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டி, கம்பியைச் சுவரோரமாக இழுத்து, மஞ்சள் விளக்கோடு சேர்த்தேன். அழுத்தினேன், எரிந்தது. அண்ணன் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். போர்டு இருக்கும் பெட்டியின் மூடிக்குத் திருகு போடுவதற்குள், அடுப்பில் வைத்த பால் நினைவு வந்து உள்ளே ஓடினேன்.

திரும்பி வந்தால் விளக்கு எரிகிறது. "கதிர் வந்துட்டான்" என்று அண்ணன் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வாசலில் யாருமில்லை. விளக்கு அணைந்தது. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். மறுபடியும் எரிந்தது. மறுபடியும் எழுந்து போனார். யாருமில்லை. மார்சிலிங் ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன் என்று கதிரிடமிருந்து செய்தி வந்த நேரம் அது. இத்தனை வாரப் பாடும் போச்சு, அண்ணன் பொங்கோலுக்குப் போகப் போகிறார் என்றே நினைத்தேன்.

"மூடிட்டு வாங்கண்ணே! யாருமில்ல, மெஷின் கெட்டுப்போச்சு!" என்று கத்தினேன்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார். "இரு ராஜி. கொஞ்ச நேரம் தெறந்தே இருக்கட்டும்" என்றார்.

யாருக்காக என்று நான் கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பெட்டி மூடியைத் தூக்கினேன். உள்ளே, போர்டின் நட்டநடுவில், ஈரம் காயாத சந்தனம். அதன்மேல் அழகாக ஒரு குங்குமப் பொட்டு. சாமி மாடத்தைப் பார்த்தேன். நீங்கள் போனதிலிருந்து ஒருவரும் தொடாத உங்கள் சந்தனக் கிண்ணம் கழுவி, துடைத்து, புதுச் சந்தனத்தோடு இருந்தது.

"யாருண்ணே இத வெச்சது?" என்று முகத்துக்கு நேரே நின்று கேட்டேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் டிவியைப் பார்த்தார். டிவி ஓடவில்லை. "புதுச் சாமானாச்சே. பொட்டு வெக்காம அவ எதையாச்சும் பிளக்ல போட விட்டிருக்காளா? ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ரைஸ் குக்கர் வரைக்கும் வெச்சா. அவ இல்ல. யாராச்சும் வெக்கணும்ல?"

நான் அழுதேன், சிரித்தேன், எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. "தப்பாயிடுச்சா?" என்றார். "தப்பே இல்லண்ணே. எடம்தான் தப்பு" என்று பஞ்சால் துடைத்து, உங்கள் தலைமுடி உலர்த்தியை எடுத்துக் காற்றடித்து, மூடியைப் போட்டு இறுக்கினேன். கிண்ணத்தை அவரிடமே நீட்டினேன். பெட்டிக்கு மேலே அவரே மறுபடி பொட்டு வைத்தார்.

அந்த நிமிஷம் விளக்கு எரிந்தது. "ஐயோ, இன்னும் காயல" என்று நான் தலையில் கை வைத்தேன். அவர் அதற்குள் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார். வாசலில் கதிர், விரலைப் பித்தானிலிருந்து எடுக்காமலே நின்றான்.

"ஏன்டா, ஒரு தடவ அமுக்குனா போதாதா? பேட்டரி தீந்துபோச்சுன்னா உங்க அத்தை யார் கிட்டப் போயி நிப்பா?" என்றார் அண்ணன்.

கதிர் அப்பாவைக் கட்டிக்கொண்டான். சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னான்: "சரிப்பா, இங்கயே இருங்க. ஆனா நான் வாராவாரம் வந்து அமுக்கிப் பாப்பேன்." அண்ணன் "ஆமாம், ஆமாம்" என்றார். கேட்டதோ இல்லையோ, நாங்கள் யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

இப்போது உங்கள் வாசல் கலகலவென்று இருக்கிறது. எதிர்வீட்டு பாத்திமா அக்கா குவே பலகாரம் செய்தால் ஒரு தட்டு எடுத்துவந்து பித்தானை அழுத்துகிறார். அண்ணன் திறந்து, நின்று, மலாயில் ஊர்க்கதை பேசுகிறார். இன்னொரு சேதி: அடுத்த வகுப்புக்கு அண்ணன் பெயரையும் கொடுத்திருக்கிறேன். நீங்கள் திருகைக் கழற்றிப் பார்த்துவிட்டு மூடாமலே போட்டுவிட்ட அந்தப் பழைய ரேடியோவை எடுத்துக்கொண்டு வருகிறாராம். ஷூவுக்குப் பாலிஷ் போட்டாயிற்று.

கடைசியாக ஒன்று. எப்போதாவது ஒரு முறை, யாரும் அழுத்தாமலே விளக்கு எரிகிறதாம். மெய் லிங்கிடம் கேட்டால் மழை ஈரம் என்பாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். "பாத்துச் சரி பண்ணட்டுமாண்ணே?" என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வி மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது. "வேணாம், இருக்கட்டும்" என்றார்.

அதனால் வாக்குக் கொடுக்கிறேன், அண்ணி. பேட்டரி தீர்ந்தால் மாற்றுவேன். கம்பி விட்டுப்போனால் மறுபடி பற்றவைப்பேன். இந்த ஒன்றை மட்டும் நான் பழுது பார்க்கமாட்டேன். விளக்கு எரிந்ததும் அண்ணன் எழுந்துவிடுகிறார். யாருமில்லை என்றாலும் உடனே கதவைச் சாத்துவதில்லை.

அன்று உங்கள் கழுத்தில் மூன்றாம் முடிச்சைப் போட்ட,
உங்கள் நாத்தனார்
ராஜி