தந்தையை இழந்த பெண்களுக்கான உதவித்தொகை

ஹாலிஃபாக்ஸ், கனடா
9 ஜனவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

அன்பு எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, சளிகூடப் பிடிக்கவில்லை. நீ முதலில் அதைத்தான் கேட்பாய். இங்கே பனி முழங்கால் வரை கொட்டிக் கிடக்கிறது. நீ கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி தீரப்போகிறது. என்னோடு தங்கியிருக்கும் பெண் அதை ரொட்டியில் தூவித் தின்கிறாள், திட்டவும் முடியவில்லை. போன வாரம் பரீட்சை முடிவு வந்தது. வகுப்பில் மூன்றாவது. அப்பாவிடம் சொல், ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கித் தருவார்.

அதை மட்டும் சொல். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டாதே. போனில் பேசலாம் என்றால் நம் வீட்டு போன் நாள் முழுக்க அவர் ஆட்டோவில்தான் கிடக்கிறது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

எனக்குப் பணம் தரும் அறக்கட்டளை, தந்தையை இழந்த பெண்களுக்கு மட்டும்தான் தரும். வேறு நாலு இடத்தில் விண்ணப்பித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. பேங்கில் போனால் அடமானம் வைக்க என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். கடைசியில், விண்ணப்பம் நிரப்பித் தரும் ஆள்தான், "அப்பா இல்லேன்னு எழுதிடும்மா, அங்கேர்ந்து யாரு வந்து பாக்கப் போறா" என்றார். எழுதிவிட்டேன். நான் ஒன்பதாவது படிக்கும்போது மழையில் செங்கம் ரோட்டில் ஆட்டோ கவிழ்ந்து அப்பா போய்விட்டார் என்று எழுதினேன். அதற்கு வேண்டிய தாளையும் அந்த ஆளே தயார் பண்ணினார். ஆங்கிலத்தில் ஒன்று நீட்டி உன்னிடம் கையெழுத்து வாங்கினேனே, அது இதற்குத்தான்.

இப்போது வந்து பார்க்கப்போகிறார்கள் அம்மா. பணம் போடுகிற மார்கரெட் அம்மையார் மார்ச் முதல் வாரம் திருவண்ணாமலை வருகிறார். ரமணாசிரமத்துப் பக்கம் தங்கிக்கொண்டு நம் வீட்டுக்கும் வருவார். கூடவே அவர்களுடைய சென்னை ஆள், நந்தினி மேடம். வெள்ளைக்காரம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நந்தினி மேடம் அப்படியில்லை. முதலில் உன் நெற்றியைப் பார்ப்பார், அடுத்தது கால்விரலைப் பார்ப்பார். இரண்டாம் வருஷத்துப் பணம் அவர் எழுதிக் கொடுப்பதைப் பொறுத்தது.

அன்று ஒரு நாள் மட்டும் பொட்டு வேண்டாம்மா. மெட்டியும் வேண்டாம். அப்பாவை ஏதாவது சொல்லி, கீழ்பென்னாத்தூர் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடு. எழுதக் கை கூசுகிறது. வேறு வழி இருந்தால் எழுதமாட்டேன்.

உன் மகள்,
அன்புச்செல்வி


அடி அண்ணாமலை
30 ஜனவரி 2025

அன்புச்செல்விக்கு,

நல்லாயிருக்கிறாயா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். எனக்குக் கேட்க மனசு வரவில்லை, போ.

இன்று காலையில் ஆறு இட்லி தின்று ஏப்பம் விட்டுக்கொண்டே வண்டி எடுத்துப் போனார் உன் அப்பா. குத்துக்கல் மாதிரி இருக்கிற அந்த மனுஷனையா சாகடித்தாய்? உன் வாயில் வேறு பொய்யே வரவில்லையா? எனக்கு ஒரு கால் இல்லை என்று எழுதியிருந்தால் நொண்டிக்கொண்டு நின்றிருப்பேனே, பாவி.

இந்த மெட்டி இருபத்தாறு வருஷமாக என் விரலில் இருக்கிறது. நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கழற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்று நர்ஸம்மாவிடம் சண்டை போட்டவள் நான். எதிர்வீட்டுப் பாஞ்சாலைக்குப் பொட்டு அழித்ததை நீயும் என் பக்கத்தில் நின்று பார்த்தாய். வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று என் மடியில் படுத்து அழுதாய். அதை என்னை நானே செய்துகொள்ளச் சொல்கிறாய்.

படிப்பு போனால் போகிறது, வந்து சேர் என்று எழுதத்தான் கை துடிக்கிறது. எழுதினால் நீ வந்தும் விடுவாய். அதுவும் எனக்குப் பயமாக இருக்கிறது. பவுர்ணமிக்குப் பவுர்ணமி கிரிவலப் பாதையில் இட்லிக் குண்டான் முன்னால் வெந்தது எதற்கு, நீ பாதியில் திரும்பி வருவதற்கா?

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சோறு போட முடியவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு. 

அம்மா


அடி அண்ணாமலை
9 மார்ச் 2025

அன்புக்கு,

வியாழக்கிழமை வந்துவிட்டுப் போனார்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நீ படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் ஒன்று. உன் கடிதத்தை உன் அப்பாவிடம் காட்டிவிட்டேன். மறைத்து வைக்க எனக்கு வராது. அவர் நிலைப்படியில் உட்கார்ந்து முழுக்கப் படித்தார். நான் அழுதேன். அவர் அழவில்லை. "இதுக்குப் போயி இன்னாத்துக்குடி அழுவற? ஒரு நாள் தான? செத்துட்டுப் போறேன்" என்றார்.

கீழ்பென்னாத்தூர் போகத்தான் கிளம்பினார். அதற்குள் அந்த நந்தினி நம் நம்பருக்கு போன் பண்ணி, வழி தெரியவில்லை, ஒரு ஆட்டோ அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறாள். எடுத்தது யார்? இவர்தான். "நான் பக்கத்து வூட்டு ஆட்டோக்காரங்க. பச்சையம்மா அக்கா போனு எங்கூட்ல சார்ஜ் போட்டிருக்குது. நானே வந்து கூட்டிக்கினு வரேன்" என்று, கட்டினவளையே அக்கா ஆக்கிச் சொல்லிவிட்டார். பொய் சொல்வதில் நீ யாரைக் கொண்டு பிறந்தாய் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மெட்டி கழலவே இல்லை. சோப்பு போட்டு, எண்ணெய் போட்டு, கடைசியில் அவரே குந்தி உட்கார்ந்து இழுத்தார். விரலைச் சுற்றி வெள்ளையாகத் தடம். அது தெரியாமல் இருக்கக் காலை மடக்கிப் புடவைக்குள் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தாலியை மட்டும் கழற்றவில்லை. ஜாக்கெட்டுக்குள் தள்ளி ஊக்குப் போட்டுக்கொண்டேன். பொட்டை நானே அழித்தேன், அவரைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு.

அந்த வெள்ளைக்காரம்மா ரொம்ப நல்லவள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் எப்படிப் போனார் என்று கேட்டாள். நந்தினி தமிழில் சொன்னாள். நீ எழுதினதையே சொன்னேன். மழை, செங்கம் ரோடு, வண்டி கவிழ்ந்தது. சொல்லச் சொல்ல எனக்கு நிஜமாகவே ஆகிவிட்டது, அன்பு. ஓவென்று அழுதுவிட்டேன். வாசலில் ஆட்டோவில் உட்கார்ந்து இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த அம்மாவுக்கும் கண்ணீர் வந்துவிட்டது. டீ போட்டேன். டிரைவரையும் உள்ளே கூப்பிடுங்கள் என்றாள். வந்தார். தன் வீட்டில் தானே ஓரமாக உட்கார்ந்து டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "இவங்க வீட்டுக்காரர உங்களுக்குத் தெரியுமா?" என்று நந்தினி கேட்டாள்.

"தெரியுங்க மேடம், எங்க ஸ்டாண்டு தான். கோவம் ஜாஸ்தி. ஆனா நல்ல மனுசன். பொண்ணுன்னா உசுரு அவனுக்கு" என்றார்.

அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, குங்குமத்தை எடுத்து அவரே எனக்கு வைத்துவிட்டார். "நல்லாத்தான் அழுத. நெசமாவே செத்தா இவ்ளோ அழுவியா?" என்றார். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் போய்ப் படுத்துக்கொண்டார். சாயங்காலச் சவாரிக்கு வண்டி எடுக்கவில்லை.

பணம் வந்துவிடும் என்றுதான் தோன்றுகிறது. நன்றாகப் படி.

அம்மா


ஹாலிஃபாக்ஸ்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இரண்டாம் வருஷத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். மார்கழி லீவில் ஊருக்கு வந்துபோக விமான டிக்கெட்டும் உண்டாம். நந்தினி மேடம் உன்னைப் புகழ்ந்து ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சந்தோஷப்பட வேண்டும். உன் கடிதத்தைக் குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு படித்தேன். அப்பா டீ குடித்த இடம் வந்ததும் மடித்து வைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் படிக்க முடிந்தது.

அப்பா ஏன் என்னோடு பேசுவதில்லை? அந்த வியாழக்கிழமைக்கு அப்புறம் ஒரு தடவைகூடப் பேசவில்லை. பகலில் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. ராத்திரி கூப்பிட்டால் உன் கையில் கொடுத்துவிடுகிறார். போன ஞாயிறு பக்கத்தில் அவர் இருமியது கேட்டது. "பாப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கேட்டுச் சொல்லம்மா. எனக்குப் படிப்பில் புத்தி நிற்கவில்லை.

அன்பு


அடி அண்ணாமலை
20 ஏப்ரல் 2025

அன்புக்கு,

கேட்டேன். "வேணாம், நீயே பேசு" என்கிறார். ஏன் என்று கேட்டால் கையை ஆட்டிவிட்டு வெளியே போய்விடுகிறார். நேற்று நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து தெருக்கோடிக்கே போய்விட்டார்.

எனக்குத் தெரியும் ஏன் என்று. மேலுக்குச் சிரித்தாலும் உள்ளே புண்ணாகாமல் இருக்குமா? உயிரோடு இருக்கிறவனை உட்கார வைத்து, அவன் சாவுக்கு ஒப்பாரி வைத்துக் காட்டினோமே. உன்மேல் மட்டும் பழி போட எனக்கு யோக்கியதை இல்லை. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று நானும் துணிந்துதானே செய்தேன். ஆனால் நீ மார்கழிக்கு வருகிறாய். எந்த முகத்தோடு அவர் முன்னால் வந்து நிற்பாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. உப்புத் தின்றவள் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும்.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழித்துப் போட்டுவிடு.

அம்மா


ஹாலிஃபாக்ஸ்
18 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. அதற்கே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். என் அப்பா உயிரோடு இருக்கிறார், பெயர் கண்ணாயிரம், ஆட்டோ ஓட்டுகிறார், மார்ச் மாதம் உங்கள் ஆட்களை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்ததே அவர்தான் என்று. மார்கரெட் அம்மையார் போனில் வந்தார். திட்டவில்லை. "எங்களோடு டீ குடித்தாரே, அவரா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். வைத்துவிட்டார்.

போலீஸ் வரைக்கும் போகமாட்டார்களாம். இரண்டாம் வருஷப் பணம் இல்லை, டிக்கெட் இல்லை. கொடுத்ததையும் திருப்பிக் கட்ட வேண்டும். காலேஜில் அழுது கேட்டேன். ஃபீஸைத் தவணையில் கட்டிப் படிப்பை முடிக்க விடுகிறார்கள். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் நாலைந்து வருஷத்துக்கு நான் ஊருக்கு வர முடியாதுப்பா.

வருத்தமில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். ஆனால் அவர்கள் முன்னால் உங்கள் பெயரைச் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. நீங்கள் பேசாத இந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நிஜமாகவே அப்பா இல்லாத பெண்ணாகத்தான் இருந்தேன். நான் செய்தது மன்னிக்கிற காரியமில்லை. என்னைத் திட்டுவதற்காகவாவது ஒரு தடவை பேசுங்கள்.

உங்கள் மகள்,
அன்புச்செல்வி


திருவண்ணாமலை
11 ஜூன் 2025

பாப்பா அன்புச்செல்விக்கு,

அப்பா எழுதுவது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஸ்டாண்டில் வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

உன்மேல் எனக்குக் கோபம் என்று யார் சொன்னது? உங்கம்மாவா? அவளுக்கு எல்லாம் தானாகவே தெரிந்துவிடும்.

அன்றைக்கு அவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விடும்போது அந்த நந்தினி மேடம் பேசிக்கொண்டே வந்தார். "எங்க பொண்ணுங்கள நாங்க அப்படியே விட்டுட மாட்டோம். தங்கற இடம், போன் எல்லாமே நாங்க குடுக்கறதுதான். எப்படி இருக்காங்கன்னு பார்த்துட்டே இருப்போம்" என்றார். அவர்கள் கொடுத்த போனில்தான் நீ பேசுகிறாய். செத்துப்போனவன் குரல் அதில் கேட்டால் உன் கதி என்ன? அந்த மேடத்துக்கு என் குரல் வேறு தெரியும். அதனால்தான் நான் வாயே திறக்கவில்லை. நீ கூப்பிடும்போது தள்ளி நின்றுகொள்வேன். உங்கம்மா பதில் சொல்வதை வைத்து நீ என்ன கேட்டிருப்பாய் என்று நினைத்துக்கொள்வேன்.

உங்கம்மாவிடம் காரணத்தைச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் போனிலேயே கத்திக் கேட்பாள், அவள் வாய் எனக்குத் தெரியாதா. படிப்பு முடியட்டும், அப்புறம் ஆசை தீரப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அவள் அழுதபோது நானும் வண்டிக்குள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் டீ குடித்துவிட்டு எழுந்தபோது ஒன்று நினைத்தேன். நிலம் வைத்துக் கடன் வாங்கி உன்னைப் படிக்க வைக்க என்னால் முடியவில்லை. செத்தாவது படிக்க வைக்க முடிந்ததே என்று ஒரு நிம்மதி. மார்கழிக்கு நீ வரும்போது மீனம்பாக்கத்துக்கு நம் ஆட்டோவிலேயே வந்து உன்னை ஏற்றிக்கொண்டு வரலாமா என்று எங்கள் ஸ்டாண்டு சக்திவேலிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரம் இந்த வண்டி தாங்காது என்று அவன் சிரித்தான்.

ஏம்மா சொன்னாய்? நான் உன்னைக் கேட்டேனா? அவர்களுக்குச் செத்தவனாகவே இருந்துவிட்டுப் போயிருப்பேன். நீ வீட்டுக்கு வந்திருப்பாய்.

நீ செய்ததுதான் சரி என்கிறாள் உங்கம்மா. சரியாகத்தான் இருக்கும். வேலைக்குப் போகிற இடத்தில் பசியோடு நிற்காதே. குளிருக்குக் காதை மூடிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நானே எடுக்கிறேன். இனி யார் கேட்டால் என்ன.

உன் அப்பா,
கண்ணாயிரம்