அவனைக் கேட்டவளோ?

சீனி தேடியபோது அலுமாரியின் பின்வரிசையில் அந்தப் பேணி கையில் பட்டது. உமக்குத் தொண்டையில் சிக்காமல் இருக்கத் தேத்தண்ணியைத் தடிப்பாக்கும் மா. அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மணமில்லாத பொருள்தான். ஆனாலும் மூடியைத் திறந்ததும் உம்முடைய கடைசி இரண்டு வருடங்களும் சமையலறைக்குள் வந்து நின்றன.

நீர் போன பிறகும் நான் அதை எறியவில்லை. எறியவும் மாட்டேன்.

பெற்றோல் அடிக்கிற செட் வேலைக்குப் போகுமுன் நான் விம்பிள்டன் லைப்ரரியில் இருந்து இங்கிலிஷ் படித்தது உமக்கு நினைவிருக்கும். எவரும் சொல்லித் தரவில்லை. சிறுவர் பகுதியில் கிரேக்கத் தேவர்களின் கதைகள் பெரிய எழுத்தில் கிடைத்தன. படித்ததை, நீர் வெங்காயம் வெட்டும்போது வந்து சொல்வேன். தேவர்கள் மனிதப் பெண்களிடம் காளையாக வந்ததையும், அன்னமாக வந்ததையும், ஒருத்திக்குச் சுய உருவத்தைக் காட்டி அவளை எரித்ததையும் கேட்டுவிட்டு ஒருநாள் கத்தியை நிறுத்தினீர்.

"உவைக்கு வேற வேலை இல்லையோ? எங்கட முருகனும் வள்ளியிட்டை வேஷம் போட்டுத்தான் வந்தவர். ஆனால் கட்டிக் கூட்டிக்கொண்டு போனவரெல்லே."

"அதைத் தெய்வானையிட்டையும் ஒருக்காக் கேட்டுப் பாரும்."

வெங்காயத் தோல் என் முகத்தில் வந்து விழுந்தது.

இன்னொரு நாள் ஈயோஸின் கதை. விடியலின் தேவி அவள். தித்தோனஸ் என்ற மனிதனை விரும்பினாள். அவனுக்குச் சாவு வரக்கூடாது என்று பெரிய தேவன் சியூஸிடம் வரம் வாங்கினாள். இளமையையும் கேட்க மறந்துவிட்டாள். அவன் சாகாமல் மூத்து, சுருங்கி, படுத்த இடத்திலேயே முணுமுணுத்துக்கொண்டு கிடந்தான். எல்லாம் அவளுடைய மறதியால் வந்தது என்று புத்தகத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன். நீர் தலை நிமிரவில்லை.

"அது கிடக்கட்டும். அவனைக் கேட்டவளோ?"

"கதையில அது இல்லை."

"அப்ப அதுதான் பிழை."

பாரிசவாதம் உமது பேச்சையும் வலப்பக்கத்தையும் எடுத்துக்கொண்டபோது, அந்த இளம் டொக்டர் என்னிடம் பொறுமையாக விளக்கினார். விழுங்க ஏலாததால் வயிற்றில் குழாய் வைத்து உணவு கொடுக்கலாம். வைத்தாலும் எழும்பி நடக்க வாய்ப்பில்லை. வைக்காவிட்டால் அதிக நாள் இல்லை. உமக்கு எல்லாம் விளங்குகிறது, தமிழில் கேட்டால் கையை அழுத்திப் பதில் சொல்வீர் என்றார். மொழிபெயர்க்க ஆள் அழைக்கவா என்றும் கேட்டார். என்னுடைய இங்கிலிஷ் போதும் என்றேன்.

நான் குனிந்து உமது இடக்கையைப் பிடித்தேன்.

"நான் பக்கத்தில இருக்கிறன். தெரியுதே? தெரிஞ்சால் அமத்தும்."

அமத்தினீர். டொக்டர் அதைப் பார்த்தார். நான் குழாய்க்கு "யெஸ்" என்றேன்.

குழாய் வைத்த பிறகு இரண்டு வருடமும் நீர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியே கிடந்தீர். வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று தடித்த தேத்தண்ணியைக் கரண்டியில் நீட்டினால் உதட்டைத் திறக்கமாட்டீர். நானும் விடாமல் நீட்டிக்கொண்டிருப்பேன். கோயிலில் காணுகிறவர்கள், "உங்களைப் போல ஆர் அண்ணை பெண்சாதியைப் பார்ப்பினம்?" என்கிறார்கள். அந்தப் பேச்சுக்காகவே இப்போது உள்ளே போகாமல் வாசலில் நின்று திரும்பிவிடுகிறேன்.

புத்தகக்காரர் ஈயோஸுக்கு மறதி என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. கேட்டிருந்தால் அவன் வேண்டாம் என்றிருப்பான். அது அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்திருந்தது. இன்னொருமுறை அந்தக் கட்டிலருகில் நின்றாலும் உம்மைக் கேட்பேன் என்று சொல்ல என்னால் ஏலாது. பொய் சொல்லி உம்மிடம் மன்னிப்பு வாங்க மாட்டேன்.

விடிகிறது. சீனியை எடுத்துக்கொண்டு பேணியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். உமது விரல்கள் அமத்திய இடம் என் உள்ளங்கையில் இன்னும் தெரிகிறது. நான் பக்கத்தில் இருப்பதற்காக நீர் எனக்குத் தந்தது அது. நான் அதை எடுத்து டொக்டரிடம் கொடுத்துவிட்டேன்.