பதினாலாம் நம்பர் டியூப்

ஆனி 4, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். சாமுண்டி மலை கண்ணுக்கே தெரியவில்லை. குடைக்கம்பி ஒன்று போயிற்று.

லாபுக்குப் போனேன். ஞாயிறு, யாரும் இல்லை. 14ஆம் நம்பர் கிருமியைப் புது டியூபுக்கு மாற்றினேன். கிருமி தொடுகிற கம்பியைச் சுட்டு, ஆறவிட்டு, பழையதில் தொட்டு, புதியதில் ஒரு இழுப்பு. வேலை அவ்வளவுதான். மாற்றாமல் விட்டால் காய்ந்து செத்துப்போகும். மாசம் ஒரு தரம் மாற்றினால் போதும், நான் வாராவாரம் போகிறேன்.

போன கோடையில் என் மனைவி கமலத்தைத் தொற்று ஆஸ்பத்திரியில் போட்டிருந்தபோது அவளுடைய சாம்பிள் என் மேஜைக்குத்தான் வந்தது. பேர் கிடையாது, நம்பர் 14; யாருடையது என்று எனக்குத் தெரியும். அதிலிருந்து வளர்த்த காலராக் கிருமி. "இவ்வளவு ஒழுங்கான கிருமி பார்த்ததில்லை" என்று லாப் டாக்டர் அதையே, ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரிக் கிருமியாக வைத்துக்கொண்டார். அவளைக் கொன்றது அதுதான். தெரியாமல் என்ன? ஆனால் அவள் உடம்பிலிருந்து வந்ததில் உயிரோடு இருப்பதும் அது ஒன்றுதான். இதை யாரிடம் சொல்ல? காறித் துப்புவார்கள்.

பாய்லர் பார்க்கிற மாரப்பன், கொள்ளேகாலத்து ஆள், முயலுக்குப் புல் போட வந்தவன் எட்டிப் பார்த்தான். "ஏனுங் சார், நாயித்துக்கெழமெயும் வந்தர்றீங்களே. ஊட்ல செத்த படுக்கக் கூடாதுங்களா?"

வீட்டில் என்ன இருக்கிறது.

ஹோட்டல் சாப்பாடு. சாம்பாரில் மறுபடி வெல்லம். "இது சாம்பாரா பாயசமா?" என்பாள் கமலம்.

ஆனி 5, திங்கள்

மண்டி மொஹல்லாவிலிருந்து ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர். அந்தச் சந்தில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. கிருமி வளர்க்கிற பெப்டோன் நீரில் ஊற்றி வெப்பப் பெட்டியில் வைத்தாயிற்று.

வாங்க: சீமெண்ணெய், சவரக்கத்தி, குடைக்கம்பி.

தலைவலி. சுக்குத் தட்டிப்போட ஆளில்லை.

ஆனி 6, செவ்வாய்

பெப்டோன் நீரின் மேல் மெல்லிய ஆடை. மைக்ராஸ்கோப்பில் வளைந்த கிருமிகள், குறுக்கும் நெடுக்கும் ஓட்டம். காலராவாக இருக்கலாம், அதே ஜாடையில் ஆற்றிலும் குட்டையிலும் கிடக்கிற சாதுவாகவும் இருக்கலாம். தட்டில் பரப்பியிருக்கிறேன். நாளைக்கு முயல் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் சொல்லும்.

குடைக்கம்பி மறந்துபோயிற்று.

ஆனி 7, புதன்

முயல் சீரம் ஒரு சொட்டு, கிருமி ஒரு தொடல். காலரா என்றால் மணல்மணலாகத் திரளும், இல்லையென்றால் பால் மாதிரியே கிடக்கும். முதலில் சீரம் சரியா என்று பார்க்க 14ஐப் போட்டேன். தொட்டவுடன் திரண்டது. சமர்த்து. அப்புறம் கிணற்றுக் கிருமி. திரளவே இல்லை.

"காலரா இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். கிணறு திறந்தே இருக்கட்டும் என்று முனிசிபாலிடிக்குச் சொல்லியாயிற்று.

மழை விட்டது. இராத்திரி நல்ல தூக்கம்.

ஆனி 8, வியாழன்



நேற்றே அந்தச் சந்திலிருந்து இரண்டு பேரைத் தொற்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். தகரக்கடைக்காரர் ஒருவர், இட்லி விற்கிற அம்மாள் ஒருத்தி. கஞ்சித் தண்ணீராகப் போகிறது, கண் குழி விழுந்துவிட்டது. இரவே தட்டில் போட்டு வளர்த்ததைக் காலையில் அனுப்பியிருந்தார்கள். சீரத்தில் வைத்தேன். திரளவில்லை. எப்படி? அந்த நிலைமைக்குக் காலரா இல்லாமல் வேறு என்ன?

சீரம் செத்திருக்கிறதா? 14 திரள்கிறதே!

என்ன தோன்றியதோ, 14ஐச் சீரமே இல்லாமல் வெறும் உப்புத் தண்ணீரில் போட்டேன். திரண்டது. கண்ணாடி அழுக்கு என்று வேறு கண்ணாடி. திரண்டது. உப்புத் தண்ணீர் புதிதாகக் காய்ச்சினேன். திரண்டது.

டியூபிலேயே மாற்றி மாற்றி வளர்த்தால் கிருமி குணம் மாறும், வீரியம் போகும், எதில் போட்டாலும் தானே திரளும். பாடப் புத்தகத்து விஷயம். எல்லாக் கிருமிக்கும் உப்புத் தண்ணீர் சோதனை போடுகிற நான் இதற்கு மட்டும் போடுவதை எப்போதோ விட்டுவிட்டேன். அவளைச் சந்தேகப்படுவது போல இருந்தது. முட்டாள். சீரம் எப்போதோ கெட்டிருக்கிறது, 14 அதை மூடி மறைத்திருக்கிறது.

ஒன்று தோன்றியது. அதையும் எழுதிவிடுகிறேன். சீரம் பாட்டில் கெட்டது என்று மட்டும் சொன்னால் போதும். புது பாட்டில் உடைப்பார்கள். 14ஐ யாரும் கேட்கமாட்டார்கள், அலமாரியிலேயே இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாரப்பன் வந்து, "மொகமெல்லாம் வேத்திருக்குதுங்களே" என்றான். எழுந்துவிட்டேன்.

டாக்டர் ஊரில் இல்லை. ஜட்கா வண்டி பிடித்து நானே மண்டி மொஹல்லாவுக்கு. முனிசிபாலிடி ஆளைக் கூப்பிட்டுக் கயிறு, ராட்டினம் கழற்றி, மருந்து கொட்டி, தண்ணீர் கத்தரிப்பூ நிறமாகிற வரை நின்றேன். குடத்தோடு ஒரு பெண்பிள்ளை: "நேத்து நல்லாயிருக்குன்னு எழுதிக் குடுத்தீங்களாமே. இவத்து ராட்டினத்தக் கழட்டறீங்க. எங்க உசுரோட ஏன் வெளையாடறீங்க?"  நேற்று இறைத்து வைத்த தண்ணீரையும் கொட்டிவிடச் சொன்னேன்.

ஆனி 9, வெள்ளி

டாக்டர் வந்தார். எல்லாம் சொன்னேன். "உப்புத் தண்ணி போடலையா நீர்? நீரா?" திட்டியிருந்தால் தேவலை. 

புது சீரம். கிணற்றுக் கிருமி திரண்டது. இரண்டு நோயாளிகளுடையதும் திரண்டது. உப்புத் தண்ணீரில் மூன்றும் திரளவில்லை. காலராதான்.

உத்தரவு: 14ஐ அழி. இனி இட்லிக்கார அம்மாளின் கிருமி மாதிரி, நம்பர் 22. 14 யாருடையது என்று டாக்டருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

சாயங்காலம் மாரப்பன், கிருமிகளை ஆவியில் அவித்து அழிக்கிற பாய்லரைப் பற்றவைத்தான். டியூபைக் கொண்டுபோனேன். அவன் என் கையைப் பார்த்தான். "அம்மாவுதுங்களா?"

எப்படித் தெரியும் இவனுக்கு? "ஆஸ்பத்திரியிலிருந்து அன்னிக்கிக் கொண்டாந்தது நாந்தானுங்களே" என்றான். "குடுங்க, நாம் போட்டர்றன். நீங்க வெளிய போயி நில்லுங்க."

கொடுக்கவில்லை. நானே வைத்தேன். மூடியை முறுக்கினேன். ஆவி சத்தம். அவன் பீடி பற்றவைக்கவில்லை. அழுதேன். அவள் போன அன்றுகூட இப்படி அழவில்லை.

ஆனி 10, சனி

இட்லிக்கார அம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள், கஞ்சி கேட்டாளாம். தகரக்கடைக்காரர் விடியற்காலை போய்விட்டார். அவர் குடித்தது நான் சரியென்று எழுதிய பிறகா, முன்னாலா? யாரும் சொல்ல முடியாது. டாக்டர், "முன்னாலதான் இருக்கும்" என்றார். இருக்கும் என்றுதான் சொன்னார்.

22ஐ மூன்று டியூபில் மாற்றியாயிற்று, உப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்து. அடுத்த மாசம் தொட்டால் போதும்.

குடைக்கம்பி போட்டாயிற்று.

ஆனி 11, ஞாயிறு

குளித்து, சட்டை மாட்டி, குடையை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டேன். அங்கேதான் ஞாபகம் வந்தது.

திரும்பி வரும்போது பால்காரி எதிரே, ஏன் இன்றைக்கு லாப் இல்லையா என்று கன்னடத்தில் கேட்டாள். "யாகே சாமி, இவத்து லாப் இல்லவா?"

மழை என்றேன். மழை இல்லை.