பதினேழாம் வீட்டுக் காற்று

14.6.2008, சனி
காடாம்புலியூரில் இன்று ஒன்பது வீடுகள், நேற்றையதோடு சேர்த்து இருபது. கப்புக்குள் ஒரு துண்டு சிவப்பு ஃபிலிம், அதை உத்தரத்தில் கட்ட ஒரு நூல், மூன்று மாதம் யாரும் தொடக்கூடாது. இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிவிட்டது. மண்ணிலிருந்து ரேடான் என்றொரு வாயு வருகிறது, மணமும் கிடையாது நிறமும் கிடையாது, அடைத்த அறையில் சேர்ந்தால் நுரையீரலுக்கு ஆகாது, அதை அளக்கத்தான் இந்த ஃபிலிம் என்று விளக்கினேன். பதினேழாவது வீட்டு சடையப்பன், வீட்டை எடுத்துக்கொள்ள கவர்மெண்ட் அனுப்பியதா என்று கேட்டார். இல்லை, என் பிஎச்.டி.க்கு என்றேன். பின்பக்க அறையைக் காட்டினார். மகள் காயத்ரி பிளஸ் டூவுக்குப் படிப்பதும் தூங்குவதும் அங்கேதான். ஜன்னல் இருந்த இடத்தைச் செங்கல் வைத்துப் பூசியிருந்தார்கள்.

20.9.2008
எல்லாக் கப்பும் வந்துவிட்டன. ஒன்றை மட்டும் எலி கடித்திருக்கிறது.

26.9.2008
காரக் கரைசலில் ஊற வைத்துக் கழுவிய பதினேழாவது ஃபிலிமை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். எண்ண எண்ணப் புள்ளிகள், எல்லாம் ரேடான் விட்ட தடம். மற்ற வீடுகளில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு முப்பது, நாற்பது பெக்கரல். இங்கே முந்நூற்றுப் பன்னிரண்டு! மூன்று முறை எண்ணினேன். ஓடாத குறையாகப் போய் என் கைடு லூர்துசாமி சாரிடம் சொன்னேன். டீயைக் கீழே வைத்தார். "ஒரு ஃபிலிம நம்பி யாரையும் பயமுறுத்தாத. மறுபடி மாட்டு."

சரிதான். ஆனா பெரிய நம்பர் கெடச்சதுன்னு நான் சந்தோஷப்பட்டேனே — அந்தப் பொண்ணு அந்தக் காத்தத்தானே சுவாசிக்குது?

28.9.2008
அதே பின்பக்க அறையில் மூன்று கப் மாட்டினேன். அளவு கூடுதலாக இருக்கலாம், உறுதியாகும்வரை காயத்ரி கூடத்தில் படுக்கட்டும் என்று சடையப்பன் மனைவி அமிர்தம் அக்காவிடம் சொல்லிவிட்டேன். சாரிடம் சொல்லவில்லை.

5.1.2009
298. 305. 321. நிஜம். நிஜமேதான்.

11.1.2009
சாரும் நானும் போனோம். தரை விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும் என்றார் சார். அந்த ஜன்னல், பக்கத்து வீட்டில் இருக்கும் சடையப்பனின் தம்பி தேவநாதனின் முற்றத்தைப் பார்த்தது. பாகப்பிரிவினைச் சண்டையில் ஒன்பது வருடம் முன்பு சடையப்பன்தான் அடைத்தாராம். சடையப்பன், "தொறந்தா அவன் மூஞ்சியிலதான் முழிக்கணும் சார். வேற வழி சொல்லுங்க" என்றார்.

அமிர்தம் அக்கா அடுப்படியிலிருந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை. "உங்க வீம்புக்கு எம் பொண்ணு அந்தக் காத்த குடிக்கணுமா?"

18.1.2009
கொத்தனார் சுவரை இடிப்பதைப் பார்க்கப் போயிருந்தேன். செங்கல் ஒவ்வொன்றாகத் தேவநாதன் முற்றத்தில் விழுந்தது. தேவநாதன் வந்து நின்றார். பிறகு அவர் குனிந்து, தன் பக்கம் விழுந்த செங்கற்களைப் பொறுக்கிச் சுவரோரம் அடுக்க ஆரம்பித்தார். காயத்ரி "சித்தப்பா" என்றாள். நிமிராமலே "ம்" என்றார்.

திரும்பும்போது சிதம்பரம் வரைக்கும் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட் அம்மா ஒரு மாதிரி பார்த்தார்.

3.5.2009
ஜன்னல் திறந்தபின் மாட்டிய புது ஃபிலிம் நாற்பத்தேழு காட்டியது. சொல்ல ஓடினேன், வீட்டில் ஒருவரும் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தால் எல்லோரும் தேவநாதன் வீட்டில் உட்கார்ந்து பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தார்கள். அங்கே போய் அளவைச் சொன்னேன். அமிர்தம் அக்கா எண்ணெய்க் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். தேவநாதன் மனைவி மங்கலம், "எங்க வூட்லயும் ஒண்ணு மாட்டும்மா" என்றார்.

பையில் ஒரு கப் மிச்சம் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறினேன். ஆடாமல் இருக்க அதைப் பிடித்துக்கொண்டது சடையப்பன்.