மைக்கில் சொன்ன வார்த்தை

அன்புள்ள உனக்கு,

"மாப்ளே, உங்க குரலைக் கேட்டாலே அவ நடுங்குறா" என்று உன் அண்ணன் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

பல வருடம் வேகப்பந்து வீசியவன் நான். என் பந்தில் தலையில் அடிபட்டு விழுந்தவர்கள் எல்லாரும் எழுந்து, ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு மறுபடி ஆடினார்கள். அன்று நம் பையன் தலையில் பந்து பட்டு விழுந்தபோது வர்ணனை அறையில் எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. "ஒண்ணுமில்ல, இப்போ எழுந்துருவான் பாருங்க" என்று மைக்கில் சொன்னேன். கூட வர்ணனை செய்தவர் என் தோளை உலுக்கினார்.

"சார், மைக்கை விடுங்க. கீழே ஓடுங்க."

நீ வீட்டில் டி.வி. முன்னால், என் பேச்சை நம்பி உட்கார்ந்திருந்தாய். அப்போதே கிளம்பியிருந்தால் அவன் கை சூடாக இருக்கும்போதே பிடித்திருப்பாய்.

அடுத்த தொடருக்கு வர்ணனை செய்யக் கூப்பிட்டார்கள். "இனிமே என்னால முடியாதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவனுடைய கிரிக்கெட் பை இந்த லாட்ஜ் அறையில் என்னோடு இருக்கிறது. தனியாக அதைப் பிரிக்க எனக்குத் தைரியமில்லை. நாளை எடுத்துக்கொண்டு வருகிறேன். நீ கதவை மட்டும் திற. நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அவன் அப்பா