வலது பக்கத்துக் கீல்

மயிலாப்பூர்
ஐப்பசி 14

சிரஞ்சீவி மாளவிகாவுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்க் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருக்க வேண்டும். அம்மாவின் ஏழாவது மாசிகத் திதி செவ்வாய்க்கிழமை ஆயிற்று. மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட லஸ் பக்கம் மழைத் தண்ணீர் தேங்கி, வாத்தியார் வரவே பதினொரு மணி, அம்மா இருந்தால் அவரை ஒரு பிடி பிடித்திருப்பாள். அன்று மத்தியானம் மாப்பிள்ளை ஸ்ரீவத்சன் போன் செய்தார். அவ ரெண்டு மாசமா லேபுக்கே போகலை மாமா, என் அலாய்தான் அம்மாவைக் கொன்னுடுத்துன்னு சொல்லிண்டே இருக்கா என்றார். போனில் சொல்ல வாய் வராது, அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு இரும்பு வாக்கரைத் தூக்க முடியவில்லை என்று அம்மா சொன்னதும், உன் லேபில் அந்த மெக்னீசிய அலாயில் வார்த்த இரண்டு மடக்குக் கீல்களை லேசான குழாய்களில் பொருத்தி ஒற்றை விரலால் தூக்கக்கூடிய வாக்கர் ஒன்றை நீ கொண்டு வந்தாய். சீரியம், நியோடிமியம் எல்லாம் சிட்டிகை சிட்டிகையா சேர்த்து இருநூறு டிகிரியில பக்குவம் பண்ணியாச்சு, இதுக்கு மேல சூடு காட்டாதேப்பா என்று என்னிடம் படித்துப் படித்துச் சொன்னாய். நான் கேட்டேனா? கிண்டி ஃபவுண்டரியில் முப்பத்தெட்டு வருஷம் மெக்னீசியக் கியர் பெட்டிகளை ஐந்நூறு டிகிரியில் ஊறவைத்து, வெந்நீரில் முக்கி, மறுபடி இளஞ்சூட்டில் வைத்துப் பலம் ஏற்றியவன் என்ற திமிர். கூடவே பயமும். அம்மா பாரத்தையெல்லாம் வலது கையில் போடுகிறாள் என்று பார்த்து, நீ கிளம்பிய மறுவாரம் வலது கீலை மட்டும் கழற்றி, என்னோடு வேலை பார்த்த சுரேஷ்குமாரின் ஃபர்னஸுக்கு எடுத்துப் போனேன். இது டை காஸ்டிங் சார், கொப்புளம் வந்துச்சின்னா இன்னா பண்றது என்று அவன்கூடக் கேட்டான். நான் கையாண்டதெல்லாம் மணல் வார்ப்பு, அதில் உலோகம் நிதானமாக இறங்கும். டை காஸ்டிங்கில் கண் இமைப்பதற்குள் அச்சுக்குள் பீய்ச்சி அடிப்பதால் காற்றும் உள்ளே மாட்டிக்கொள்ளும், பெரிய சூட்டில் அது உப்பும். தெரியாதவன் இல்லை நான். கொஞ்ச நேரம் வைத்தால் ஒன்றும் ஆகாது, வை என்றேன்.

வெளியே எடுத்தபோது மிளகு அளவில் மூன்று கொப்புளம். அப்போதாவது குப்பையில் போட்டிருக்கலாம். உன்னிடம் வேறு கீல் கேட்டால் திட்டுவாயே என்று பால்கனியில் உட்கார்ந்து எமரி பேப்பரால் தேய்த்து, வெள்ளிப் பெயிண்ட் அடித்து மாட்டிவிட்டேன். என்னன்னா இது, புதுசா பளபளங்கறது என்று அம்மா கேட்டாள். உனக்காகப் பலம் ஏத்தியிருக்கேன் என்று பெருமையாகச் சொன்னேன். பதினாறாம் நாள் காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது அந்தக் கீல் உடைந்து விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவள் ஒன்பதே நாளில் போய்விட்டாள். நீ வந்து அழுதுகொண்டே உடைந்த கீலைக் கேட்டாய், ஆஸ்பத்திரி அவசரத்தில் தொலைந்துவிட்டது என்றேன். அது பொய், மாளவிகா. என் பழைய வேஷ்டியில் சுற்றி பீரோவில்தான் வைத்திருந்தேன். ஏழு மாசமாக உன்னைத் துடிக்க விட்டுவிட்டு, மாசிகத்துக்கு மாசிகம் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த உடைந்த கீலை இன்று கூரியரில் அனுப்பிவிட்டேன். பெயிண்டைச் சுரண்டி, வெட்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார், நான் செய்தது தெரியும். மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் யோக்கியதை எனக்கில்லை, இனிமேல் என்னோடு பேசாவிட்டாலும் சரி. ஆனால் இடது கீலை நான் தொடவே இல்லை. ஒரே நாளில் நீ வார்த்த ஜோடி. அம்மா விழுந்த வேகத்தில் வாக்கரின் குழாயே வளைந்து போயிருக்கிறது, அந்தக் கீலில் ஒரு கீறல் இல்லை. அதையும் கழற்றிக் கூடவே அனுப்பியிருக்கிறேன்.

நாளைக்கே லேபுக்குப் போ. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் அம்மாவின் ஆசீர்வாதம் என்றைக்கும் உண்டு, என்னுடையது வேண்டுமென்றால் எடுத்துக்கொள். ஒன்றை மறந்துவிடாதே, இரண்டும் தனித்தனிப் பொட்டலம். உடைந்ததன் மேல் என் பெயர் எழுதியிருக்கிறேன், உடையாததன் மேல் உன் பெயர். மாற்றி வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
ஸ்ரீனிவாசராகவன்